சனிக்கிழமை எள் விளக்கும் நம் ஊர்க் கடிகாரமும்

தமிழ்நாட்டில் அச்சான காலண்டரைச் சுவரில் மாட்டி, சனிக்கிழமை ராகு காலம் 9.00 முதல் 10.30 வரை என்று அதில் பார்த்து, அந்த ஒன்றரை மணி நேரம் வாசலைத் தாண்டாமல் இருந்து, 10.35க்கு நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இன்னும் உண்டு. பொழுது 7.15க்கு விடியும் நாளாக இருந்தால், நம் ஊரில் அப்போதுதான் ராகு காலம் தொடங்கி இருபது நிமிடம் ஆகியிருக்கும். தப்பிக்க நினைத்த நேரத்துக்குள்ளேயே போய் இறங்குகிறார்கள்.

சனி பகவானுக்குச் செய்யும் வழிபாட்டில் நம் பக்கத்தில் நடக்கும் பிழைகளில் முக்கால்வாசி இப்படிக் கடிகாரத்தில் நடப்பவைதான். எள், எண்ணெய், கறுப்புத் துணி எல்லாம் சரியாக வாங்கிவிடுகிறோம். நேரத்தையும் ராசியையும் மட்டும் வேறு ஊர்க் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். அதனால் முதலில் கடிகாரம், பிறகு ஜாதகம், அதற்கப்புறம் விளக்கு.

இரண்டு வகை நேரம்

பஞ்சாங்கத்தில் இருப்பது இரண்டு வகை நேரம். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

ஒன்று, வானத்தில் நடப்பது. திதி முடிவது, நட்சத்திரம் மாறுவது, சனிப் பெயர்ச்சி, கிரகணம். இவை உலகம் முழுக்க ஒரே நொடியில் நடக்கின்றன, கடிகாரம் காட்டும் எண் மட்டும் ஊருக்கு ஊர் வேறு. இந்திய நேரத்தோடு இரண்டரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம் வந்துவிடும். இந்தியப் பஞ்சாங்கம் பெயர்ச்சி இரவு 10.30 என்று சொன்னால், நமக்கு அது நள்ளிரவு தாண்டி 1.00 மணி. தேதியும் மறுநாள் தேதியாகிவிடும். இந்தத் தேதி மாற்றத்தைக் கவனிக்காமல் ஒரு நாள் முன்னதாகவே பரிகாரம் செய்துவிடுவது வழக்கமான தவறு.

இரண்டாவது, சூரிய உதயத்தைக் கணக்கு வைத்து வருவது. ராகு காலம், எமகண்டம், குளிகை, ஓரை (ஒவ்வொரு கிரகத்துக்கும் உரிய மணி நேரம்) எல்லாம் இந்த வகை. இவற்றுக்கு இரண்டரை மணியைக் கூட்டவே கூடாது. காலண்டரில் உள்ளதை அப்படியே எடுக்கவும் கூடாது. நம் ஊரில் அன்றைக்குச் சூரியன் எப்போது உதிக்கிறதோ அங்கிருந்து புதிதாக எண்ண வேண்டும்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? சுங்கை சிப்புட் ஏறக்குறைய கிழக்கு 101 டிகிரியில் இருக்கிறது. நாம் வைத்திருக்கும் கடிகாரமோ 120 டிகிரிக்கு உரியது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம், 19 டிகிரிக்கு 76 நிமிடம். அத்தனை நேரம் நம் கடிகாரம் சூரியனைவிட முன்னால் ஓடுகிறது. அதனால் இங்கே உதயம் வருஷம் முழுக்க ஏறக்குறைய காலை 7.00க்கும் 7.30க்கும் நடுவில் விழுகிறது. மே, நவம்பரில் 7 மணியை ஒட்டி வரும். ஜனவரி கடைசியிலும் பிப்ரவரியிலும் 7.30ஐத் தொடும். தமிழ்நாட்டுக் காலண்டர் 6.00 மணி உதயம் என்று வைத்துக்கொண்டு அச்சடிக்கப்படுகிறது. ஈப்போ, தைப்பிங் பக்கத்தவர்களும் இதே கணக்கை வைத்துக்கொள்ளலாம், பெரிய மாற்றம் இராது.

சனிக்கிழமைக்கான கணக்கு சுலபம். உதயம் 7.15 என்று வைத்துக்கொள்வோம்.

குளிகை உதயத்திலிருந்தே தொடங்கும்: 7.15 முதல் 8.45 வரை.
ராகு காலம், உதயத்தோடு 3 மணி கூட்ட வேண்டும்: 10.15 முதல் 11.45 வரை.
எமகண்டம், உதயத்தோடு ஏழரை மணி கூட்ட வேண்டும்: 2.45 முதல் 4.15 வரை.
சனி ஓரை, உதயத்திலிருந்து 1, 8, 15, 22ஆவது மணி: காலை 7.15 முதல் 8.15, பிற்பகல் 2.15 முதல் 3.15, இரவு 9.15 முதல் 10.15, விடியற்காலை 4.15 முதல் 5.15.

பகலை எட்டாகப் பிரித்துத்தான் ராகு காலம் எடுக்கிறோம். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் பகலின் நீளம் எப்போதும் 12 மணியை ஒட்டியே இருக்கும், ஒரு பங்கு ஒன்றரை மணி என்ற கணக்கு இங்கே அநேகமாகப் பிசகாது. அந்த வகையில் சென்னைக்காரரைவிட நமக்கு வசதி.

விளக்கேற்றக் காலை ஓரைதான் நல்லது. பிற்பகல் ஓரையின் பின்பாதி எமகண்டத்தோடு ஒட்டிக்கொள்கிறது. காலை வேலைக்குப் போகிறவர்கள் இரவு 9.15 ஓரையை எடுத்துக்கொள்ளலாம். ராத்திரியில் சனிக்கு விளக்கு கூடாது என்று சொல்வதைக் கேட்டுத் தயங்க வேண்டாம், சனி இரவிலும் வலிமையுள்ள கிரகம் என்றே ஜோதிடம் சொல்கிறது. காலை ஓரை முழுதும் குளிகைக்குள் வருகிறதே என்றால், குளிகையில் செய்வது திரும்பத் திரும்ப நடக்கும் என்பது நம்பிக்கை. வழிபாடு திரும்ப நடப்பது நல்லதுதான். கடன் வாங்குவதை மட்டும் அந்த நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள், கடனை அடைப்பதை வையுங்கள்.

ராசியை உறுதி செய்தல்

ஏழரைச் சனி யாருக்கு என்பது பிறந்த நேரத்தில் சந்திரன் நின்ற ராசியை வைத்து வருவது. லக்னத்தை, அதாவது அந்த நேரத்தில் கிழக்கில் உதிக்கும் ராசியை, வைத்து அல்ல. பிறந்த தேதியை மட்டும் வைத்தும் அல்ல. பிப்ரவரி 25இல் பிறந்ததால் நான் மீன ராசி என்று பிள்ளைகள் சொல்வது மேல்நாட்டுச் சூரிய ராசிக் கணக்கு. அதை வைத்துக்கொண்டு சனிப் பெயர்ச்சிப் பலன் படித்தால் பயப்பட வேண்டாதவர் பயப்படுவார், கவனமாக இருக்க வேண்டியவர் அசட்டையாக இருப்பார்.

ஜாதகம் கையில் இருந்தாலும் ஒருமுறை சரிபாருங்கள். முக்கியமாக 1982க்கு முன் பிறந்தவர்கள். காரணம், மேற்கு மலேசியாவின் கடிகாரமே பலமுறை மாற்றப்பட்டது. 1933 முதல் 1941 ஆகஸ்ட் வரை கிரீன்விச்சைவிட 7 மணி 20 நிமிடம் முன்னால் இருந்தது. 1941 செப்டம்பர் 1 முதல் ஏழரை மணி. 1942இல் ஜப்பான்காரன் வந்ததும் தோக்கியோ நேரம், அதாவது 9 மணி. 1945 செப்டம்பரில் மறுபடி ஏழரை. 1982 ஜனவரி 1 முதல்தான் இப்போதுள்ள 8 மணி.

கணினியிலோ கைப்பேசியிலோ ஜாதகம் போடும்போது ‘மலேசியா’ என்று தட்டினால் சில செயலிகள் எந்த வருஷத்துக்கும் 8 மணியையே எடுத்துக்கொள்கின்றன. 1974இல் பிறந்தவருக்கு அப்படிப் போட்டால் அரை மணி பிசகும். லக்னம் சுமாராக 4 நிமிடத்துக்கு ஒரு டிகிரி நகர்வதால் ஏழரை டிகிரி தள்ளிப்போகும். ஒரு ராசிக்கு 30 டிகிரி. ஆக, நாலு பேரில் ஒருவருக்கு லக்னமே மாறிவிடும். சந்திரன் மெதுவாக நகர்வதால் ராசி மாறுவது அபூர்வம். ஆனால் ராசியின் ஓரத்தில் நிற்கும் சந்திரன் அடுத்த வீட்டுக்குத் தாவிவிடும், ஏழரைச் சனிக் கணக்கு அங்கேயே கெட்டுவிடும். பூசம், அனுஷம், உத்திரட்டாதியில் பிறந்தவர்களுக்குச் சனி தசைதான் முதல் தசை. அதன் 19 வருஷத்தில் பிறப்பில் மிச்சம் இருப்பதும் இந்த அரை மணியால் நாலைந்து மாதம் மாறிப்போகும்.

செயலியில் நேர மண்டலத்தை நாமே தட்டும் வசதி இருந்தால் 1945 செப்டம்பருக்குப் பின், 1982க்கு முன் பிறந்தவருக்கு 7.30 என்று கொடுங்கள். இல்லையென்றால் சூராட் பெரானாக்கில் (பிறப்புச் சான்றிதழில்) உள்ள நேரத்தோடு 30 நிமிடம் கூட்டிக் கொடுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்துவிடாதீர்கள், பிழை மறுபக்கம் திரும்பிவிடும். பிறந்த ஊர் என்ற இடத்தில் கோலாலம்பூர் என்று போட்டுவிடுவதால் பேராக்கில் பிறந்தவருக்குப் பெரிய கேடில்லை, லக்னத்தில் சில நிமிட வித்தியாசம்தான். சென்னை என்று போட்டால்தான் எல்லாம் போச்சு.

தோட்டத்தில் பிறந்த பெரியவர்கள் பலருக்கு எழுதிவைத்த நேரம் இராது. ‘பிரட்டுக்கு மணி அடிச்சப்ப’, ‘பால் நிறுக்கிற நேரம்’ என்றுதான் வீட்டில் சொல்லக் கேட்டிருப்பார்கள். அதையும் வீணாக்க வேண்டாம். பிரட்டு, அதாவது தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது, விடியலுக்கு முன் என்பதால் தமிழ்க் கணக்கில் அது முந்தின நாள் கிழமை. நமக்கு நாள் தொடங்குவது உதயத்தில்தானே தவிர நள்ளிரவில் அல்ல. சனிக்கிழமை பிரட்டு நேரத்தில் பிறந்தவர் பஞ்சாங்கப்படி வெள்ளிக்கிழமைக்காரர். இப்படிச் சொல்லக் கேட்ட நேரத்துக்கு முன்னால் ஒரு மணி, பின்னால் ஒரு மணி வைத்து இரண்டு ஜாதகம் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் ராசியும் நட்சத்திரமும் ஒன்றாகவே இருந்தால் ஏழரைச் சனிக்கு அது போதும். லக்னத்தை அதில் நம்ப வேண்டாம்.

பழைய நோட்டில் நாழிகைக் கணக்கில் எழுதிய ஜாதகம் என்றால் இன்னொரு இடத்தில் பாருங்கள். ஒரு நாழிகை 24 நிமிடம், உதயத்திலிருந்து எண்ணுவது. எழுதியவர் உதயத்தை 6 மணி என்று வைத்திருந்தால் பிசகுதான். 1970களில் இங்கே உதயம் 6.30க்கும் 7.00க்கும் நடுவில் இருந்தது.

யாருக்கு எந்தச் சனி

சனி ஒரு ராசியைக் கடக்க ஏறக்குறைய இரண்டரை வருஷம். பன்னிரண்டையும் சுற்றி வர ஏறக்குறைய 29½ வருஷம். மெல்ல நடப்பவன் என்ற பொருளில்தான் சனைச்சரன் என்று பெயர். அதுவே நம் வாயில் சனீஸ்வரன் ஆனது. மந்தன், காரி, முடவன் என்ற பெயர்களும் உண்டு.

சந்திர ராசிக்கு 12ஆம் வீட்டில் சனி வரும்போது ஏழரை தொடங்குகிறது. அது விரயச் சனி. ராசியிலேயே நிற்பது ஜென்மச் சனி. 2ஆம் வீட்டில் பாதச் சனி. எண்ணும்போது உங்கள் ராசியை 1 என்று வைத்து எண்ணுங்கள். அடுத்த வீட்டிலிருந்து எண்ணத் தொடங்குகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரு வீடு தள்ளிச் சொல்லிவிடுகிறார்கள்.

பஞ்சாங்கக் கணக்கு முறை இரண்டு: திருக்கணிதம், வாக்கியம். திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 அன்று சனி மீனத்துக்கு வந்தார். வாக்கியப்படி 2023 டிசம்பர் 20 அன்று கும்பம், 2026 மார்ச் 6 அன்று மீனம். திருநள்ளாறு வாக்கியத்தைப் பின்பற்றுகிறது. ஏறக்குறைய ஒரு வருஷம் வித்தியாசம் வருவதால் எது சரி என்ற சண்டை ஒவ்வொரு பெயர்ச்சிக்கும் நடக்கிறது. பலன் பார்க்கத் திருக்கணிதத்தை எடுங்கள், வானத்தில் கிரகம் நிற்கும் இடத்தோடு அதுதான் ஒத்துப்போகிறது. பெயர்ச்சிப் பூஜைக்கு உங்கள் கோயில் எந்த நாளை அறிவிக்கிறதோ அன்றைக்குப் போங்கள். கூட்டு வழிபாட்டில் கோயிலோடு நிற்பதுதான் அழகு.

சனி மீனத்தில் இருக்கும்வரை கணக்கு இது: மேஷத்துக்கு விரயச் சனி, மீனத்துக்கு ஜென்மச் சனி, கும்பத்துக்குப் பாதச் சனி. சிம்மத்துக்கு அஷ்டமச் சனி (8ஆம் இடம்), தனுசுக்கு அர்த்தாஷ்டமச் சனி (4ஆம் இடம்), கன்னிக்குக் கண்டகச் சனி (7ஆம் இடம்). ரிஷபம், துலாம், மகரம் மூன்றுக்கும் முறையே 11, 6, 3ஆம் இடம் என்பதால் நல்ல காலம். திருக்கணிதப்படி 2027 ஜூன் தொடக்கத்தில் மேஷத்துக்குப் போவார். அக்டோபரில் வக்கிரமாகி மீனத்துக்குத் திரும்புவார். 2028 பிப்ரவரியில்தான் மேஷத்தில் நிலையாக அமர்வார். ஆகவே 2027 ஜூனில் ஏழரை முடிந்துவிட்டது என்று கும்ப ராசிக்காரர்கள் விரதத்தைக் கைவிட வேண்டாம்.

ஏழரை என்றதும் எல்லாருக்கும் ஒரே அடி விழாது. ஜோதிடரிடம் போனால் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு. சனியின் அஷ்டவர்க்கத்தில் (ஒவ்வொரு ராசிக்கும் புள்ளி போடும் கணக்கில்) இப்போது அவர் நிற்கும் ராசிக்கு எத்தனை பரல், அதாவது புள்ளி? மொத்தம் 39 பரல், 12 ராசிக்குச் சராசரி மூன்றேகால். 4க்கு மேல் இருந்தால் கடுமை குறையும், 1 அல்லது 2 என்றால் பணத்திலும் உடம்பிலும் கவனம் தேவை. அடுத்த கேள்வி, என் லக்னத்துக்குச் சனி யார்? ரிஷப லக்னத்துக்கு 9, 10க்கும், துலா லக்னத்துக்கு 4, 5க்கும் அவரே அதிபதி, யோகக்காரகர். அவர்களுக்குச் சனி தசை வீடு கட்டிக் கொடுத்துவிட்டுப் போனதும் உண்டு. இந்த இரண்டையும் பார்க்காமல், ராசியைக் கேட்ட உடனே பரிகாரச் செலவைச் சொல்கிறவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

பெரியவர்கள் முதல் சுற்றை மங்கு சனி, இரண்டாவதைப் பொங்கு சனி, மூன்றாவதை மரணச் சனி என்பார்கள். மூன்றாவது பெயர் கேட்டு வயதானவர்கள் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்கிறார்கள். ஆயுள்காரகனே சனிதான். அந்தப் பெயரை அவர்கள் காதில் போடாமல் இருப்பதே நல்லது.

விளக்கு

வாங்க வேண்டியது குறைவு: மண் அகல் ஒன்று, பஞ்சுத் திரி, நல்லெண்ணெய், கொஞ்சம் கறுப்பு எள், நீலப் பூ. எண்ணெயில்தான் ஏமாற்றம் அதிகம். கடையில் ‘விளக்கு எண்ணெய்’ என்று மலிவாக விற்பதில் மற்ற எண்ணெய்கள் கலந்திருக்கும், லேபிளைத் திருப்பிப் பாருங்கள். ‘விளக்கெண்ணெய்’ என்று சேர்த்து எழுதியிருந்தால் அது ஆமணக்கு, அதுவும் வேறு. சனிக்கு உரியது எள்ளிலிருந்து எடுத்த எண்ணெய். சமையலுக்கென்று விற்கும் நல்லெண்ணெயையே வாங்கிக்கொள்ளுங்கள்.

புது அகலை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி எடுங்கள். ஊறப்போடாத மண் எண்ணெயைக் குடித்துவிடும், கால் மணி நேரத்தில் திரி கருகி நிற்கும். சின்ன அகலுக்கு 20 மில்லி, அதாவது நாலு தேக்கரண்டி எண்ணெய் போதும். ஓரை முடியும்வரை தாங்கும். திரியை எண்ணெயில் முழுதாக நனைத்துவிட்டு, நுனி அரை சென்டிமீட்டர் மட்டும் வெளியே நிற்கும்படி வையுங்கள். அதிகம் நீட்டினால் புகை, சுவரில் கரி. மேற்குப் பார்த்த விளக்கு சனிக்கு உரியது. கோயில் நவகிரகத்தில் அவர் பெரும்பாலும் மேற்கு முகமாகவே இருப்பார்.

எள்ளைத் துணியில் கட்டி எரிக்கலாமா? நம் பக்கத்தில் பலரும் செய்கிறார்கள். எள் பித்ருக்களுக்கும் உரிய தானியம், அதை எரிப்பது முறையல்ல என்று சொல்லும் சிவாச்சாரியார்கள் உண்டு. அந்தப் பக்கமே நியாயம் அதிகம். நல்லெண்ணெயே எள்தான். எள்ளைப் பக்கத்தில் ஒரு வெற்றிலையில் வைத்து, பிறகு சாதத்தில் சேர்த்துவிடலாம். குடும்ப வழக்கம், விட மனமில்லை என்றால் ஒரு தேக்கரண்டிக்கு மேல் கட்டாதீர்கள். நாலு அங்குலச் சதுரத்தில் பருத்தித் துணி, தளர்வான முடிச்சு, அரை மணி நேரம் எண்ணெயில் ஊறல். இறுக்கிக் கட்டினால் உள்ளே எண்ணெய் போகாமல் எள் வெடித்துத் தெறிக்கும். பாலியெஸ்டர் கலந்த கறுப்புத் துணி உருகிச் சொட்டும், அதில் சூடு பட்டுக்கொண்டவர்கள் உண்டு. தோட்ட லயத்துப் பலகை வீட்டிலும், துணி காயும் அடுக்குமாடிப் பால்கனியிலும் பொட்டல விளக்கு வேண்டவே வேண்டாம். சாதா அகலையும் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் தட்டின் நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் வையுங்கள். காற்றாடியை நிறுத்துங்கள்.

சனிக்குச் சொல்லப்பட்ட கருங்குவளை இங்கே கிடைப்பது கஷ்டம். வேலியில் படரும் நீலச் சங்குப்பூ எளிதாகக் கிடைக்கும். நாசி கெராபு என்ற மலாய்க்காரர் நீலச் சோற்றுக்கு நிறம் ஏற்றும் அதே பூதான். எட்டுப் பூ வைத்தால் அவர் எண்ணுக்கும் பொருத்தம். ‘ஓம் சனைச்சராய நம’ என்று 108 தடவை, அல்லது கோளறு பதிகம் பதினோரு பாடலும். மந்திர உச்சரிப்பில் தயக்கம் உள்ளவர்கள் பதிகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், நாளும் கோளும் அடியாரை வருத்தாது என்று சம்பந்தர் பாடியது நம் தமிழிலேயே இருக்கிறது.

எள் சாதம்

இதைச் சரியாகச் செய்தால் வீட்டில் பிள்ளைகளும் விரும்பிச் சாப்பிடுவார்கள். கசந்துவிடுவதால்தான் பல வீடுகளில் பெயருக்கு ஒரு வாய் சாப்பிட்டு மிச்சத்தைக் கொட்டுகிறார்கள்.

200 கிராம் அரிசிக்குக் கறுப்பு எள் 3 மேசைக்கரண்டி, உளுத்தம்பருப்பு 1 மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் 4, சுண்டைக்காய் அளவு கட்டிப் பெருங்காயம், உப்பு, நல்லெண்ணெய் 2 மேசைக்கரண்டி, கறிவேப்பிலை. அரிசியை உதிரியாக வடித்துத் தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். எள்ளில் மணல் இருக்கும். கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் கலக்கி, மிதக்கும் எள்ளை மட்டும் அடுத்த கிண்ணத்துக்குச் சாய்த்து ஊற்றுங்கள், மணல் அடியில் தங்கும். மூன்று தடவை இப்படிச் செய்து வடிகட்டி, துணியில் உலர்த்துங்கள்.

வெறும் சட்டியில், சின்னத் தீயில் எள்ளை வறுக்க வேண்டும். கறுப்பு எள்ளில் நிறம் பார்த்துப் பதம் சொல்ல முடியாது, காதால்தான் கேட்க வேண்டும். படபடவென்று வெடிக்கத் தொடங்கி, அந்தச் சத்தம் குறைய ஆரம்பித்ததும் உடனே வேறு தட்டில் கொட்டிவிடுங்கள். சட்டியிலேயே விட்டால் சூட்டில் கருகிக் கசக்கும். பருப்பு, மிளகாய், பெருங்காயத்தைக் கொஞ்சம் எண்ணெயில் தனியாக வறுத்து, எல்லாம் ஆறிய பிறகு முதலில் பருப்பும் மிளகாயும், கடைசியில் எள்ளும் போட்டு நிறுத்தி நிறுத்தி அரையுங்கள். சூட்டோடு அரைத்தாலோ தொடர்ந்து ஓட்டினாலோ எள் எண்ணெய் விட்டுப் பிண்ணாக்குபோல் கட்டிக்கொள்ளும். சாதத்தில் பொடி, உப்பு, மிச்ச எண்ணெய், தாளித்த கறிவேப்பிலை சேர்த்துக் கையால் பிசறுங்கள். தேங்காய் சேர்க்காதீர்கள். நம் ஊர் வெயிலுக்கு மத்தியானத்துக்குள் ஊசிப்போகும்.

முதல் கவளம் காகத்துக்கு. இந்த ஊர்க் காகத்துக்கும் தோட்டத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு: காபித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று 1890களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்து விட்டவைதான் இங்கே பெருகின. ஒரு கைப்பிடிக்கு மேல் வைக்க வேண்டாம். இலையில் வைத்து, அரை மணியில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எலி வரும், பக்கத்து வீட்டோடு மனஸ்தாபமும் வரும்.

விரதம் என்றால் ஒருவேளைச் சாப்பாடு, அசைவம் இல்லை. இனிப்புநீருக்கு (சர்க்கரை நோய்க்கு) ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் பட்டினி கிடக்கக் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கினால் மயக்கம் உயிருக்கே ஆபத்து. நேரத்துக்குச் சைவமாகச் சாப்பிடுங்கள், அதுவே விரதம்.

கோயிலில்

தோட்டத்து மாரியம்மன், முனியாண்டி கோயில் பலவற்றில் நவகிரகம் இராது. டவுன் கோயிலுக்குத்தான் போக வேண்டும். பிள்ளையார், மூலவர், மற்றத் தெய்வங்கள், கடைசியில் நவகிரகம் என்பதே வரிசை. வாசலில் நுழைந்ததும் நேராக நவகிரகத்துக்கு ஓடுவது முறையல்ல.

நடுவில் கிழக்குப் பார்த்த சூரியன். அவருக்கு மேற்கே, மேற்குப் பார்த்து நிற்பவர் சனி, காகம் வாகனம். ஒன்பது சுற்று வலமாக. ராகு கேதுவுக்கென்று கடைசி இரண்டை இடமாகச் சுற்றுகிறவர்கள் உண்டு. சனிக்கிழமைக் கூட்டத்தில் அது எதிரே வருகிறவர்களோடு மோதத்தான் உதவும், ஒன்பதையும் வலமாகவே சுற்றுங்கள். சனிக்கு நேர் முன்னால் நிற்காமல் சற்று ஒதுங்கி நின்று கும்பிடுவது வழக்கம். சிலையைத் தொடுவதோ, கொண்டுபோன எண்ணெயைத் தாமே ஊற்றுவதோ வேண்டாம். அர்ச்சகரிடம் கொடுத்தால் அபிஷேகத்தில் சேர்ப்பார். பீடத்தில் விளக்கு வைப்பதும் கூடாது, கல் வெடிக்கும், வழுக்கி விழவும் விழுவார்கள்.

போக வண்டி வசதி இல்லாத சனிக்கிழமை, தோட்டத்துக் கோயில் பிள்ளையாரையோ ஆஞ்சநேயரையோ கும்பிட்டால் அது சனிக்கும் சேரும். அந்த இருவரையும் சனி பிடிக்க முடியவில்லை என்பதுதான் புராணம்.

தானம், கல், கணக்கை முடித்தல்

இரும்பு, எள், எண்ணெய், கறுப்புத் துணி கொடுப்பது நூல் சொல்லும் தானம். சனி யாருக்குக் காரகன் என்று பாருங்கள்: முதியவர், கால் ஊனமுற்றோர், கூலிக்கு உடல் உழைப்பவர். ரப்பர் மரம் சீவ உளி பிடித்தும் செம்பனைக் குலை சுமந்தும் முழங்கால் தேய்ந்த முதியவர் இல்லாத தெரு நம் ஊரில் இல்லை. அவர்களில் ஒருவரைக் கிளினிக்குக்கு ஏற்றிக்கொண்டு போய் மருந்து வாங்கிக் கொடுத்து வீட்டில் விடுவதைச் சனிக்கிழமைத் தானமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்கள் சம்பளத்தைச் சொன்ன நாளில் கொடுங்கள். கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு எள் விளக்கு ஏற்றுவது அவருக்கே எதிராக நின்று அவரைக் கும்பிடுவது.

நீலக்கல் விஷயத்தில் அவசரம் வேண்டாம். கடக, சிம்ம லக்னத்தாருக்குச் சனி முறையே 8, 6ஆம் வீட்டுக்கும் உரியவர், நீலம் பொதுவாகச் சொல்லப்படுவதில்லை. ஏழரை என்ற ஒரே காரணத்துக்காகக் கல் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் ஆய்வுக்கூடச் சான்றிதழோடு வாங்குங்கள், கண்ணாடிக்குச் சாயம் ஏற்றியும் விற்கிறார்கள். நடுவிரலில் ஓர் இரும்பு மோதிரம் போதும் என்பது பழைய வழக்கம், அதில் இழப்பதற்கு ஒன்றும் இல்லை.

எத்தனை வாரம் என்பதைத் தொடங்கும்போதே முடிவு செய்யுங்கள். 9 அல்லது 19. ஏழரை வருஷமும் செய்வேன் என்று நேர்ந்துகொண்டு மூன்றாம் மாதம் விடுவதைவிட 9 வாரம் ஒழுங்காகச் செய்வது மேல். தீட்டு, காய்ச்சல், வேலை மாற்றம் என்று ஒரு வாரம் விட்டுப்போனால் கணக்கு அழியாது, அந்த வாரத்தை எண்ணாமல் அடுத்த சனிக்கிழமையைத் தொடருங்கள். காலண்டரில் ஒவ்வொரு சனிக்கும் ஒரு கோடு போட்டு வையுங்கள், பக்கத்தில் அன்றைய உதய நேரத்தையும் எழுதுங்கள். கடைசி வாரம் எள் சாதத்தை இரட்டிப்பாகச் செய்து, விளக்கு இறங்குவதற்குள் தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள். பயன்படுத்திய அகலைக் கழுவி எடுத்து வைத்தால் அடுத்த தடவைக்கு ஊறப்போடும் வேலை மிச்சம்.